உறுமி எதற்கு?



"படிக்கிற பிள்ளைக்கு உறுமி எதுக்குங்க ஐயா?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஜமைக்கா தீவின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக உழைத்தார்கள். 1838-இல் முழு விடுதலை வந்தது, வறுமை போகவில்லை. அவர்கள் வழிவந்த ராஸ்தாஃபாரி அடியார்கள் மூன்று முரசுகளை முழக்கி இறைவனைப் பாடினார்கள். அந்தத் தாளமும் சேர்ந்து வளர்ந்ததுதான் ரெகே இசை. பாப் மார்லி (1945-1981) அதை உலகமெங்கும் கொண்டு போனார். அவர்களுடைய கஞ்சாப் புகை நமக்கு வேண்டாம், பாட்டு போதும்!

நம் கதை மட்டும் வேறா? இந்தப் பெட்டாலிங் ஜெயாவே 1950களில் ரப்பர் தோட்ட நிலத்தில் எழுந்த ஊர். விடியுமுன் பால்மரம் வெட்டப் போன நம் பாட்டன்மாருக்கு மாரியம்மன் கோயிலும் உறுமியும்தான் துணை. 1942, 43-இல் சயாம் ரயில் பாதைக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. வளைந்த குச்சியால் தோலை உரசும்போது உறுமி விம்முமே, கேட்டிருக்கிறீர்களா? வாய்விட்டு அழ முடியாதவனுக்காக அது அழுகிறது என்றே எனக்குத் தோன்றும்.

பத்துமலையில் 272 படி. பாதியில் காவடிக்காரருக்குக் கால் தளரும். உறுமிக்காரர்கள் தாளத்தை முடுக்குவார்கள். அவர் ஏறிவிடுவார்.

குடித்துவிட்டுச் சினிமாப் பாட்டுக்கு அடிப்பதை நான் சொல்லவில்லை.

அந்த அம்மாவிடம் சொன்னேன்: "வீட்டுப்பாடம் முடிஞ்சதும் அடிக்கட்டும்மா. சோதனை மாசத்துல மட்டும் உறுமியை அலமாரி மேலே வச்சிருங்க."