யாரைக் காப்பாற்ற வேண்டும்?

(சமூக அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'திவாலாகும் வங்கியை அரசு காப்பாற்ற வேண்டுமா?' என்று பத்தாம் வகுப்பில் பட்டிமன்றம் வைத்துப் பாருங்கள். 'தப்புச் செய்தவர்கள் அனுபவிக்கட்டும்' என்பார்கள் ஓர் அணியினர். 'பணம் போட்டவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?' என்பார்கள் எதிரணியினர். இரண்டும் நியாயமே. கேள்வியைத்தான் நாம் திருத்த வேண்டும்.

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி திவாலானது. அரசு கைகொடுக்கவில்லை. மறுநாளே ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர் கடன் தர அந்நாட்டு மைய வங்கி முன்வந்தது. ஏன் இந்த மாற்றம்? லேமன் விழுந்ததும் நிதி நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கவே அஞ்சின. கடன் ஓட்டம் நின்றால் அந்த வங்கியையே அறியாத தொழிலாளிக்கும் வேலை போகும். ஆனால் எப்போதும் காப்பாற்றிக்கொண்டே இருந்தால், 'லாபம் எனக்கு, நட்டம் ஊருக்கு' என்ற துணிச்சல் நிர்வாகிகளுக்கு வந்துவிடும்.

நம் நாட்டிலும் பாடங்கள் உண்டு. 1906-இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்தது. அதை நம்பிப் பணம் போட்டவர்கள் தவித்தார்கள். மறு ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அதன் பின்னரே 1961-இல் வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் 1,500 ரூபாய்க்கு இருந்த பாதுகாப்பு, 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது.

அடுத்த மாதமே யெஸ் வங்கி தடுமாறியது. 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவைக் கலைத்தது. பாரத ஸ்டேட் வங்கி தலைமையில் பிற வங்கிகள் மூலதனம் போட்டன. மார்ச் 18-இல் கட்டுப்பாடு நீங்கியது. நிர்வாகம் மாறியது, மக்கள் போட்ட பணம் தப்பியது.

ஆகவே என் கருத்து இதுதான்: சேமித்தவரையும் பணப் பரிமாற்றத்தையும் காப்பாற்ற வேண்டும், நிர்வாகிகளின் நாற்காலியையும் பங்குதாரர்களின் லாபத்தையும் அல்ல. 'காப்பாற்றலாமா?' என்பதை விட்டு, 'யாரை, யார் செலவில்?' என்று மாணவர்களைக் கேட்கச் செய்வோம்.

இன்னொன்றையும் வகுப்பில் சொல்லுங்கள். இந்த 5 லட்சம், ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து. கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், சீட்டு, நிதி நிறுவனங்களுக்கும் கிடையாது. அதிக வட்டி என்று கேட்டு நகையை விற்றுப் பணம் போடும் பெற்றோர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த வீட்டில் 'இதற்குக் காப்பீடு இருக்கிறதா?' என்று கேட்க ஒரு பிள்ளை இருந்தால், நம் பாடம் பயன்பட்டது என்று பொருள்.