முதலில் சக்கரத்தை உருட்டுங்கள்

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், படப்பை பக்கமெல்லாம் ஒரு காலத்துல வயல்தான். கிணத்து மேட்டுல ஆயில் இன்ஜின் 'டொக்கு டொக்கு'ன்னு ஓடும். கரண்ட் மோட்டார் வந்ததும் அது கொட்டகை மூலைக்குப் போயிடுச்சு.

உங்க வீட்டுலயும் ஒண்ணு கிடக்கா? இங்கிலாந்து லிஸ்டரா இருக்கலாம். 1946-ல தொடங்கின புனே கிர்லோஸ்கர் கம்பெனியோடதா இருக்கலாம். எடைக்குப் போட்டுடாதீங்க, மறுபடி ஓட வைக்கப் பார்க்கலாம்.

ஆனா எடுத்த எடுப்புல ஹேண்டிலைப் போட்டுச் சுத்தாதீங்க. முதல்ல பெரிய சக்கரத்தைக் கையால மெதுவா உருட்டிப் பாருங்க. அசையலையா? பிஸ்டன் துருவுல ஒட்டியிருக்கலாம். பலத்தைக் காட்டினா ஏதாவது உடையும். துருப்பிடிச்ச பூட்டுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருப்போமே, அது மாதிரிதான். சிலிண்டர்ல கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு, சில நாள் பொறுங்க. மறுபடியும் கையாலதான் உருட்டணும்.

சக்கரம் சுத்திடுச்சா? பழைய ஆயிலை மாத்துங்க. டேங்கைக் கழுவிப் புது டீசல் ஊத்துங்க. அப்புறம் குழாயில ஏர் எடுக்கணும். இதைப் பல பேர் மறந்துடறாங்க. காத்து அடைச்சிருந்தா டீசல் போகாது. நீங்க தோள் வலிக்கச் சுத்தினாலும் இன்ஜின் கிளம்பாது.

ஹேண்டில் பிடிக்கும்போது கட்டை விரலையும் மத்த விரல்களோட ஒரே பக்கமா வைங்க. இன்ஜின் திருப்பி அடிச்சா கை தப்பும். தண்ணி ஓட்டம் இல்லாம ஓட்டாதீங்க. மூடின அறையில வேண்டவே வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும். வேட்டியோட சக்கரத்துக்கிட்ட போகாதீங்க, பேன்ட் போட்டுக்கிட்டுப் போங்க.