ஆள் தேடுவோர் எங்கே தேடுகிறார்கள்?

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டே நாம் பழகிவிட்டோம். ஆள் வேண்டுவோர் எங்கே தேடுகிறார்கள் என்று கேட்பதில்லை. இன்று அதைப் பற்றியே சில சொல்ல விழைகிறேன்.

நம் பாட்டன்மார் நாளில் துறைமுகத்திற்கு ஆள் பிடித்தவர் மேஸ்திரி. அவர் கைகாட்டியவனுக்கே அன்றையக் கூலி. துறைமுகத் தொழிலாளரின் பெயரைப் பதிந்து முறைப்படி வேலை தர 1948ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அதற்கு முன்பே, 1945இல், வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கான அமைப்பு இந்திய அரசின் தொழிலாளர் துறையில் உருவாயிற்று. அன்று அத்துறையின் பொறுப்பை வகித்தவர் அண்ணல் அம்பேத்கர். போர்முனையிலிருந்து திரும்பியோருக்கென எழுந்த அவ்வமைப்பு 1948இல் எல்லார்க்கும் திறக்கப்பட்டது. முகத்தைப் பார்த்து அழைத்த இடத்தில் ஏட்டைப் பார்த்து அழைப்பது வந்தது. சிபாரிசு இல்லாதவனுக்கு அது சிறிய காரியமன்று.

இன்று அந்த ஏடு கணினிக்குள் புகுந்துவிட்டது. தனியார் துறையில் நௌக்ரி தளம் 1997இல் தோன்றியது; மைய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015இல் வந்தது. எண்ணூரில் ஓர் ஆலைக்கு வெல்டர் தேவையென்றால், ஆளெடுக்கும் அதிகாரி தொழில், ஊர், அனுபவம் ஆகியவற்றை எழுதித் தேடுகிறார். அச்சொற்கள் உங்கள் குறிப்பில் இல்லையேல் உங்கள் பெயர் அவர் திரையில் வாராது. "எந்த வேலையும் செய்வேன்" என்று எழுதும் தம்பியை எந்தத் தேடலும் கண்டுபிடிப்பதில்லை. ஐ.டி.ஐ.யில் பயின்ற பிரிவையும், இயக்கிய பொறிகளையும் பெயர் சொல்லி எழுதுங்கள். அண்மையில் புதுப்பித்த குறிப்புகள் முன்னே நிற்பது பெரும்பாலும் வழக்கம். ஆகவே மாதம் ஒருமுறையேனும் திருத்துங்கள்.

கணினிக்குச் சாதி தெரியாது என்பர். அதைப் பார்க்கும் கண்களுக்குத் தெரியும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளிதழ் விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்கள் வேறு வேறு சாதிப் பெயர்களில் அனுப்பப்பட்டன. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட, தலித் பெயருக்கு இருந்தது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின் சாதி எழுதுவோர் அரிதே. ஆயினும் முகவரி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. முதல் குறிப்பில் தெருவும் காலனியும் வேண்டா. "திருவொற்றியூர், சென்னை" என்பதே போதும். இதில் வெட்கமில்லை, எச்சரிக்கையே உண்டு.

இவற்றினும் வலிய வழி ஒன்றுண்டு: உள்ளே பணிபுரிபவர் தமக்குத் தெரிந்தவரைச் சொல்லுவது. தெரிந்தவர் யார்? உறவினர், உடன் படித்தவர், ஒரே தெருக்காரர். ஆகவே உள்ளே நம்மவர் இல்லாத இடத்தில் செய்தியே நம்மிடம் வருவதில்லை. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றும் நம் உறுப்பினர்களை வேண்டுகிறேன்: காலியிடம் தெரிந்த அன்றே சங்கத்திற்குச் சொல்லுங்கள். சங்கமும் தன் மாணவர்களின் பெயர், படிப்பு, தொழில் ஆகியவற்றை, அவர்தம் இசைவோடு, ஒரு பதிவேட்டில் வைத்து நிறுவனங்களுக்கு அனுப்பட்டும்.

வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடாதீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறவாதீர்கள். அட்டையில் உள்ள மாதத்தை இன்று வீட்டிற்குச் சென்றதும் பாருங்கள்.