மன்னன் வணங்கிய மக்கள்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேற்கே திரிகூட மலை. ஊரைத் தழுவி ஓடும் சிற்றாறு. நடுவே பாண்டியர் எடுத்த காசி விசுவநாதர் கோயில். தென்காசியில் வாழ்வதைப் பெரும்பேறு என்கிறோம். பேறுதான். ஆயினும் அது நாம் ஈட்டியதன்று. முன்னோர் காத்துக் கொடுத்தது. பெற்றதை நாம் எவ்வாறு காக்கிறோம் என்பதே இன்று என் வினா.

இக்கோயிலை எழுப்பிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டினன். அவன் பாடியனவாகச் சில பாடல்கள் இங்கே கல்லில் உள்ளன. அவற்றுள் ஒன்றின் பொருள் வியப்புக்குரியது. பிற்காலத்தில் இவ்வாலயத்துக்கு ஊறு நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்கிறான். முடிமன்னன் ஒருவன், இன்னும் பிறவாத குடிமக்களை வணங்குகிறான்! நெடுங்காலம் சிதைந்து நின்ற இராசகோபுரம் மீண்டும் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டபோது, அவ்வணக்கத்துக்கு ஊரார் விடையளித்தனர்.

நைடதமும் வெற்றிவேற்கையும் தந்த அதிவீரராம பாண்டியன் இவ்வூரிலிருந்து ஆண்டவன். அருகிலுள்ள மேலகரம், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். இரசிகமணி டி.கே.சி. 1954இல் மறையும்வரை குற்றாலத்தில் இருந்து கம்பனைச் சுவைத்தும் சுவைப்பித்தும் வாழ்ந்தார்.

குறவஞ்சியை மீண்டும் எடுத்துப் பாருங்கள். குறத்தி மலைவளம் உரைக்கிறாள். சிங்கன் வயலில் மேயும் பறவைகளைப் பெயர் பெயராக அடுக்குகிறான். அந்தக் கவிஞருக்குப் பறவை என்னும் பொதுச்சொல் போதவில்லை. நமக்கோ போதுமானதாக இருக்கிறது. அருவி, தென்றல், சாரல் என்னும் மூன்று சொற்களைக் கொண்டே நம் கவிதைகளில் பல முடிந்துவிடுகின்றன. சிற்றாற்றங்கரை மரங்களுள் பத்தின் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? பெயர் மறந்த மரம் வெட்டுண்டால் அழுவதற்கும் ஆளிராது.

அருவியில் எண்ணெயும் சோப்பும் பயன்படுத்தலாகாது என்று நீதிமன்றம் தடை விதிக்க நேர்ந்தது. நீரைப் பாடும் ஊருக்கு இதைவிட நாணத்தக்க செய்தி உண்டோ? என் வகுப்பில் நாள்தோறும் கோயில் வழியே வரும் மாணவியர் உளர். மன்னன் பாடலைப் படித்தவர் ஒருவரும் இலர். குறை அவர்களுடையதன்று, கற்பிக்க வேண்டிய நம்முடையதே.

ஆதலின், பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். திங்கள்தோறும் ஒரு கூட்டத்தை அரங்கை விட்டு ஆற்றங்கரையில் நடத்துவோம். மரமும் புள்ளும் அறிந்த உழவரையும் மலைவாழ் மக்களையும் அழைத்து, நாம் கேட்போராக அமர்வோம். கல்வெட்டுப் பாடல்களை இளையோர் வாய்விட்டுப் படிக்கச் செய்வோம். பிறகு பாடுவோம், பாட்டு தானே செறிவுறும்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம்மை ஒருவன் வணங்கிவிட்டான். அவ்வணக்கத்துக்குத் தகுதியுடையோராவது நம் கடன். பத்தாண்டு கண்ட நம் வட்டம் பல்லாண்டு வாழ்க!