பீட்டோ கம்பெனியாரின் உயர்வும் வீழ்ச்சியும்



தொழிலில் வல்லாரும் கடனால் வீழ்வர் என்பதற்கு இங்கிலாந்து தேசத்துச் சாமுவேல் மார்ட்டன் பீட்டோவின் சரித்திரமே போதிய சான்றாகும்.

தந்தையின் சகோதரர் விட்டுச்சென்ற கட்டடத் தொழிலை இவர் 1830-ல் உறவினர் கிரிசெல்லுடன் ஏற்று, லண்டனில் நெல்சன் ஸ்தம்பத்தை எழுப்பினார். பின்னர் மைத்துனர் பெட்ஸுடன் கூடி இருப்புப்பாதைகள் அமைத்தார். 1855-ல் கிரிமியா யுத்தகளத்தில், பிராஸி என்பாரும் உடனிருக்க, இலாபங் கருதாது பாதையிட்டுக் கொடுத்துப் பாரனெட் பட்டமும் பெற்றார்.

இத்தகையார் வீழ்ந்தது எங்ஙனம்? லண்டன், சாதம், டோவர் இருப்புப்பாதை வேலைக்கு ரொக்கத்திற்குப் பதிலாகப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் பெற்றனர். அவற்றை ஈடுகாட்டிக் கடன் வாங்கிக் கூலி கொடுத்தனர். 1866 மே மாதத்தில் ஓவரெண்ட் கர்னி என்னும் பெருநிறுவனம் முறிந்தது. கடன் கிடைக்கும் வழி அடைபட்டது. பீட்டோவும் பெட்ஸும் உடனே கொடுக்கல் நிறுத்தினர். பிராஸியோ அந்நெருக்கடியைக் கடந்து பெருஞ்செல்வராகவே 1870-ல் காலமானார்.

வேலையில் பழுதில்லை, கணக்கிலேயே பழுது. உறவினர் கூடித் தொழில் நடத்தும் நாம், பெட்டியிலுள்ள பத்திரத்தைக் கைப்பொருளென்று எண்ணாதிருப்போமாக. நம்மை நம்பிப் பணமளித்த எளியோரும் நம்முடனே வீழ்வரன்றோ?