கொழுந்தும் குரலும்

பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்த ஆண்டு 1924. அதன்பின் பத்தாண்டு கழித்து, 1934இல், பசில் ரைட் என்னும் ஆங்கிலேய இளைஞர் படக்கருவியுடன் இலங்கையில் வந்திறங்கினார். அவருடைய பயணத்துக்குப் பணம் தந்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. சபையார் விரும்பியவை நான்கு சிறு பயணப் படங்கள். ரைட் செய்து கொடுத்ததோ ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஓடும் ஒரே படம். ‘சோங் ஒஃப் சிலோன்’ என்னும் அப்படம் 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற் பரிசு பெற்றது. திரைக்கலை பயில்வோர் இன்றும் அதனை எடுத்து ஆராய்கின்றனர்.

படத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதற்கு ‘வணிகத்தின் குரல்கள்’ என்று பெயர். அதுவே இன்று நேயர்களின் சிந்தனைக்கு உரியது. புகையிரதம் மலையேறுகிறது, யானை ஒன்று மரத்தை முட்டிச் சாய்க்கிறது, ஒருவன் தென்னையில் ஏறுகிறான், பெண்கள் கொழுந்து பறிக்கின்றனர். இவை கண்ணுக்குப் புலனாவன. காதிலே விழுவதோ வேறு. தந்திக் கருவியின் ஓசை, கப்பல்கள் புறப்படும் நேரம், ஒருவர் சொல்ல மற்றவர் எழுதும் வியாபாரக் கடிதம், சந்தை விலை விவரம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கின்றன. பேசுவோர் எவரையும் படம் காட்டுவதில்லை. திரைப்படம் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. வாயசைவோடு சொல் பொருந்தினாலே போதும் என்று பலர் மகிழ்ந்திருக்க, கவல்காந்தி, வால்டர் லீ ஆகியோரின் துணையுடன் லண்டன் ஒலிக்கூடத்தில் ரைட் படத்தையும் ஒலியையும் வேண்டுமென்றே பிரித்தார்.

பிரித்ததனால் விளைந்த பொருள் யாது? பறிக்கும் கை ஒரு நாட்டில் இருக்கிறது. விலை கூறும் குரல் இன்னொரு நாட்டிலிருந்து வருகிறது. கைக்குக் குரல் இல்லை. குரலுக்கு முகம் இல்லை. உழைப்பவருக்கும் உடையவருக்கும் இடையிலான உறவை ஒரு சொற்பொழிவும் இன்றி இக்காட்சி கண்முன் நிறுத்தி விடுகிறது. பிரசார சபையின் பணத்திலேயே இது நடந்ததென்பது வேடிக்கைதான்.

ஆனால் பசறையிலும் லுணுகலையிலும் ஹப்புத்தளையிலும் வாழ்பவர் இக்காட்சியைப் பார்த்தால் உடனே ஒரு குறையைக் காண்பார். கொழுந்துக்கும் சந்தை விலைக்கும் நடுவே எத்தனை குரல்கள் உண்டு! விடியலில் பெரட்டுக்கு அழைக்கும் தப்பின் ஓசை, மலையில் கங்காணியின் அதட்டல், தராசடியில் கணக்கப்பிள்ளை வாசிக்கும் நிறை, நிறை குறைந்தால் எழுதப்படும் ‘அரைப் பேர்’. ஒரு குடும்பத்தின் அன்றைய அரிசியைத் தீர்மானிப்பவை இக்குரல்களே. இவற்றுள் ஒன்றேனும் படத்தில் இல்லை. ஆதலால் கொழுந்து, மழையும் வெயிலும் போலத் தானாகவே விளைந்து கூடையில் விழுவதாகத் தோன்றுகிறது. வணிகத்தை ஐயுறும் காட்சி, கூலியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. படத்துக்கு விளக்கவுரையாக அமைந்தது, கண்டி அரசில் நெடுங்காலம் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வாசகம். அதனைக் கொழும்பைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் அழகுறப் படிக்கிறார். நொக்ஸின் காலத்தில் தேயிலைத் தோட்டம் இல்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல். எனவே அந்த வாசகத்தில் தோட்ட மக்கள் இடம்பெற வழியே இல்லை. பழமை பேசும் குரல் அவர்களை அறியாது. புதுமை பேசும் குரலோ விலையை மட்டுமே அறியும். இவ்விரண்டுக்கும் இடையில் அவர்கள் ஊமையராய் நிற்கின்றனர்.

கண்டிய நடனக் கலைஞர் இருவர் லண்டனுக்கே அழைக்கப்பட்டு, அவர்தம் முழவொலி பதிவு செய்யப்பட்டது. தோட்டத்துத் தப்புக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. நான்காம் பகுதி மீண்டும் வழிபாட்டுக்கும் நடனத்துக்கும் திரும்பி, மூன்றாம் பகுதி எழுப்பிய கேள்வியை மெல்ல உறங்க வைத்து விடுகிறது. படத்தின் பெரிய பலவீனம் இதுவே என்று கூறத் தோன்றுகிறது. அதன் எழிலை மறுப்பதற்கில்லை.

படம் வெளிவந்து ஆறாண்டுகளுக்குள், 1940இல், பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளர் தமக்குள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, தோட்டத் துரையோடு நேருக்கு நேர் பேச முற்பட்டனர். அந்தப் பேச்சைப் பதிவு செய்ய அங்கே எந்தப் படக்கருவியும் இருக்கவில்லை.