பாரிசவாதம் கண்டோர் மீண்டும் நடப்பது எவ்வாறு?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா மேடைகளிலே அரிய பெரிய விடயங்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயமோ மிகச் சிறியது. அது ஒரு கால். பாரிசவாதத்தினாற் சோர்ந்து, கட்டிலின் மேற் கிடக்கும் ஒரு கால். அதனை மறுபடியும் நிலத்தில் ஊன்றச் செய்வது எவ்வாறு என்பதையே உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இதனைப் பேசுவதற்கு எமக்கு ஒரு தகுதி உண்டு. அது கற்றதனால் மட்டும் வந்ததன்று; தவறு செய்து வந்தது. எமது தகப்பனார் ஒரு நாட் காலை கிணற்றடியில் விழுந்தார். இடது கையும் இடது காலும் அசையவில்லை. வைத்தியசாலையில் உயிரைக் காத்து அனுப்பினார்கள். வீட்டிற் செய்விக்க வேண்டிய பயிற்சிகளை ஒரு தாளிற் குறித்தும் தந்தார்கள். அத்தாளை நாம் சுவாமி படத்துக்குப் பின்னாற் பத்திரமாக வைத்தோம். பின்னர் அன்பு மிகுதியினாலே ஐயாவை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. படுக்கையில் வைத்தே உணவூட்டினோம்; குழந்தையைப் போலத் தூக்கிக் கதிரையில் இருத்தினோம்; “அசையாதேயுங்கோ ஐயா, நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாதங்களைக் கழித்தோம்.

மூன்றாம் மாத முடிவில் ஓர் இயன்மருத்துவர் வீட்டுக்கு வந்தார். ஐயாவின் காலைத் தொட்டுப் பார்த்தார். கெண்டைக்கால் மெலிந்திருந்தது, பாதம் கீழ்நோக்கி நீண்டபடியே இறுகியிருந்தது. “இவரை நாள்தோறும் எழுப்பி நிறுத்துவது யார்?” என்று கேட்டார். “ஒருவருமில்லை, விழுந்துவிடுவார் என்று பயம்” என்றோம். “விழுந்துவிடுவார் என்று பயந்து, எழும்பவே விடாமற் செய்துவிட்டீர்கள்” என்றார். அன்றுதான் அந்தத் தாளைச் சுவாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தோம்.

கால் ஏன் சோர்கின்றது?

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலும், அன்றி வெடித்தாலும், அக்குழாய் ஊட்டிய பகுதி பட்டுப்போகின்றது. மூளையிலிருந்து கீழிறங்கும் இயக்க நரம்புகளிற் பெரும்பாலானவை முகுளத்தில் மறுபக்கம் மாறிச் செல்வதனால், வலப்பக்க மூளை கெட்டால் இடக்கால் சோரும். இடப்பக்கம் கெட்டால் வலக்கால் சோரும். ஆகவே நோய் காலில் இல்லை. காலின் எலும்பும் தசையும் முதல்நாள் இருந்தபடியேதான் இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டளை வருவதுதான் நின்றுபோயிற்று. ஆயினும் கட்டளை வராத தசையைச் சும்மா விட்டுவிட்டால் அது மெலியும், குறுகும், இறுகும். மூளை தந்த நோய்க்கு மேலாக, படுக்கை தந்த நோயொன்றும் சேர்ந்துகொள்ளும். எமது வீட்டில் நடந்தது இதுவே.

சுவீடனிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய சிக்னே புரூன்ஸ்ட்ரோம் என்னும் அம்மையார், இக்கால் மீளும் வழியைப் படிகளாக வகுத்துக் காட்டினார். முதலிற் கால் துவண்டு கிடக்கும். அடுத்து மெல்ல விறைப்பு ஏறும். ஒரு மூட்டை அசைக்க முயன்றால் கால் முழுவதும் சேர்ந்தே அசையும். பின்னர் விறைப்புத் தளர்ந்து, முழங்காலைத் தனியாகவும் கணுக்காலைத் தனியாகவும் அசைக்கும் ஆற்றல் வரும். எல்லாருக்கும் எல்லாப் படிகளும் கிட்டுவதில்லை; சிலர் இடையிலேயே நின்றுவிடுவர். எனினும் விறைப்பு ஏறுவதைக் கண்டு “நோய் முற்றுகிறது” என்று அஞ்சுவோர்க்கு இவ்வறிவு பெரும் ஆறுதலாகும்.

இலண்டனிலே பெர்த்தா போபாத், கரேல் போபாத் என்னும் தம்பதியர், நல்ல பக்கத்தை மட்டும் பழக்கி நோயுற்ற பக்கத்தைக் கைவிடும் வழக்கத்தை மறுத்து, சோர்ந்த பக்கத்தையே பயிற்றும் முறையை வளர்த்தனர். அவுஸ்திரேலியாவில் ஜனற் கார், ரொபேற்றா ஷெப்பேட் என்னும் இருவர் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நோயாளி இழந்த செயலையே திரும்பத் திரும்பப் பழகிக் கற்க வேண்டும் என்று வற்புறுத்தினர். எழுந்து நிற்கப் பழகுவதற்கு எழுந்து நிற்பதும், நடக்கப் பழகுவதற்கு நடப்பதுமே சிறந்த பயிற்சி என்பது இன்று பெரிதும் ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கையாகும்.

ஒரு தந்தையும் இரு புதல்வர்களும்

இளைஞர்களே, உங்களுக்கென்றே ஒரு வரலாற்றைக் கூறுகின்றோம். நியூயோர்க் நகரிலே ஸ்பானிய மொழிப் பேராசிரியராகவும் புலவராகவும் விளங்கிய பேத்ரோ பாக்-இ-றீற்றா என்பவர் 1959ஆம் ஆண்டிற் பாரிசவாதம் கண்டார். பேச்சும் நடையும் போயின. சில கிழமைச் சிகிச்சைக்குப் பின்னர் இனி முன்னேற்றம் வராது என்றே கருதப்பட்டது. அப்போது மருத்துவ மாணவராக இருந்த அவருடைய புதல்வர் ஜோர்ஜ், தந்தையை மெக்சிக்கோவுக்கு அழைத்துச் சென்று தம்முடன் வைத்துக்கொண்டார். மறுவாழ்வு மருத்துவம் ஜோர்ஜுக்குத் தெரியாது. குழந்தை தவழ்ந்த பின்னரே நடக்கிறது என்ற ஒன்றுதான் தெரியும். ஆகவே தந்தையைத் தவழப் பழக்கினார். சுவரோரமாகச் சாய்ந்து தவழ்ந்தார் பேராசிரியர். தோட்டத்திலும் தவழ்ந்தார். கற்றறிந்த ஒருவரை நாயைப் போலத் தவழ விடுவதா என்று அயலார் முகஞ்சுளித்தார்கள். மகன் கேட்கவில்லை. தவழ்ந்தவர் முழங்காலில் நகர்ந்தார், பின்னர் நின்றார், பின்னர் நடந்தார். ஈற்றிலே மீண்டும் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1965இல் கொலம்பியா நாட்டு மலையொன்றில் ஏறும்போது மாரடைப்பினால் இறந்தார்.

இறந்த பின்னர் அவருடைய மூளையைச் சோதித்தபோது, மூளையிலிருந்து முண்ணாணுக்கு இறங்கும் நரம்புகளில் மிகப் பெரும்பகுதி அழிந்தபடியே இருக்கக் கண்டார்கள். அழிந்தது திரும்பவில்லை. எஞ்சியிருந்த பகுதிகளே அந்த வேலையைக் கற்றுக்கொண்டன. இதனைக் கண்ட மற்றொரு மகன் போல் பாக்-இ-றீற்றா, மூளையின் மாறுந் தன்மையை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று நாம் கேட்பதுண்டு. அறுபதைக் கடந்த மூளையும் வளைந்தது என்பதே விடை. ஆயின் எல்லாரையும் தவழ விடலாம் என்று கொள்ளற்க. முறையன்று இங்கே பாடம். விடாமுயற்சியும் வெட்கமின்மையுமே பாடம்.

படிப்படியான பயிற்சி

இனி, பயிற்சிகளைச் சுருக்கமாகச் சொல்வோம். இவற்றை வைத்தியரும் இயன்மருத்துவரும் நோயாளியைப் பார்த்து அனுமதித்த பின்னரே செய்தல் வேண்டும்.

முதலாவது, படுக்கும் முறை. ஒரே நிலையிற் கிடக்க விடாது, சில மணிக்கொரு தடவை பக்கம் மாற்றிவிட வேண்டும். கணுக்காலை நாள்தோறும் மெல்ல மேல்நோக்கி வளைத்து, கெண்டைக்கால் குறுகாமற் காக்க வேண்டும். ஒரு கையாற் குதியைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் முன்பாதத்தை முழங்காற் பக்கமாகத் தள்ளுதல் முறை. வெடுக்கென இழுத்தலாகாது.

இரண்டாவது, இடுப்பை உயர்த்துதல். மல்லாந்து படுத்து, இரு முழங்கால்களையும் மடித்து, பாதங்களைக் கட்டிலில் ஊன்றி, இடுப்பை மேலே தூக்க வேண்டும். சோர்ந்த முழங்கால் வெளியே சரியாமல் உதவுபவர் பிடித்துக்கொள்ளலாம். நிற்பதற்கு வேண்டிய தசைகள் இங்கேதான் விழிக்கின்றன.

மூன்றாவது, இருந்தெழுதல். உறுதியான கதிரையில் முன்பக்கமாக நகர்ந்திருந்து, இரு பாதங்களையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைத்து, மூக்கு கால்விரல்களுக்கு மேலே வருமளவு முன்னே குனிந்து எழ வேண்டும். நல்ல காலில் மட்டும் பாரத்தைப் போட்டு எழுவது எளிது; அதுவே தவறு. இரு காலும் சமமாகப் பாரம் தாங்க வேண்டும். எழுந்ததைப் போலவே மெதுவாக இருக்கவும் வேண்டும். கதிரை உயரமாக இருந்தால் எழுவது இலகு. பலம் வர வர உயரத்தைக் குறைக்கலாம்.

நான்காவது, நின்று பாரம் மாற்றுதல். மேசையையோ யன்னற் கம்பியையோ பிடித்து நின்று, உடலைச் சோர்ந்த பக்கம் சாய்த்து, பின் நல்ல பக்கம் சாய்த்துப் பழக வேண்டும். பின்னர் நல்ல காலைத் தூக்கி ஒரு சிறு படியில் வைக்க வேண்டும். அப்பொழுது உடலின் பாரம் முழுவதையும் தாங்கப் பழகுவது சோர்ந்த காலே.

ஐந்தாவது, நடை. உதவுபவர் சோர்ந்த பக்கத்தில், சற்றே பின்னால் நிற்க வேண்டும். நோயாளியின் இடுப்பில் அகலமான துணிப்பட்டியொன்றைக் கட்டி அதனைப் பிடித்துக்கொள்ளலாம். சோர்ந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டு விலகி, தீராத நோவைத் தரும். ஊன்றுகோல் நல்ல கையில் இருக்க வேண்டும். முதலிற் கோல், அடுத்துச் சோர்ந்த கால், பின்னர் நல்ல கால் என்பது ஒழுங்கு. படி ஏறும்போது நல்ல கால் முன்னே; இறங்கும்போது சோர்ந்த கால் முன்னே.

நடக்கும்போது முன்பாதம் தொங்கி நிலத்தில் இழுபடுமானால், பாதத்தையும் கணுக்காலையும் தாங்கும் பிளாஸ்டிக் தாங்கிகள் உண்டு. இன்னொரு வழி மின்தூண்டல். 1961ஆம் ஆண்டிலேயே லிபர்சன் என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும், குதி நிலத்தை விட்டு எழும் வேளையிற் சிறு மின்னோட்டத்தை நரம்புக்குச் செலுத்திப் பாதத்தை உயர்த்தும் கருவியை வெளியிட்டனர். அதன் வழிவந்த கருவிகள் இன்றும் பயன்படுகின்றன.

ஆராய்ச்சிகள் கூறுவது

“பணமுள்ளவருக்கு இயந்திரம் உண்டு, எமக்கு என்ன உண்டு?” என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவிலே 408 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியொன்றின் முடிவு 2011இல் வெளிவந்தது. உடலைத் தொங்கவிட்டுத் தாங்கி, ஓடும் பட்டியின் மேல் நடக்கச் செய்யும் பயிற்சியை, இயன்மருத்துவர் வீட்டுக்கே சென்று செய்வித்த சாதாரணப் பயிற்சியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது நூற்றுக்கு 52 பேரின் நடை முன்னேறியிருந்தது. இயந்திரம் வீட்டுப் பயிற்சியை வெல்லவில்லை.

ஆயினும் அவசரமும் ஆகாது. ஐந்து நாடுகளில் 2,104 பேரைக் கொண்டு நடந்து, 2015இல் வெளியான ஆராய்ச்சியில், நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள்ளேயே மிகுதியாக எழுப்பி நடமாட விட்டோருக்குப் பலன் குறைவாகவே கிட்டியது. எழுப்பும் காலத்தையும் அளவையும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்று, கேட்பதற்குக் கசப்பானது. இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளரைக் கொண்டு நடத்தி, 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், குடும்பத்தவருக்குப் பயிற்சி முறையைக் கற்பித்து அவர்களைக் கொண்டே செய்வித்தார்கள். ஆறு மாத முடிவில், வழக்கமான கவனிப்புப் பெற்றோரைக் காட்டிலும் மேலான பலன் காணப்படவில்லை. இதனால் நாம் அறிவது யாது? குடும்பத்தின் அன்பு இயன்மருத்துவரின் இடத்தை நிரப்பாது. அவர் வழி காட்ட வேண்டும். அவ்வழியில் நாள்தோறும் துணை நிற்பது எமது பங்கு.

சில எச்சரிக்கைகளும் உள. காலில் எண்ணெய் தேய்ப்பது எம்மவர் வழக்கம். ஆனால் கெண்டைக்கால் வீங்கி, சூடேறி, நொந்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கக் கூடும். அப்போது தேய்க்காது உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சுநோவோ மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் நிறுத்த வேண்டும். முகம் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றை எவரிடம் கண்டாலும், நேரத்தைக் குறித்துக்கொண்டு, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும்.

இளைஞருக்கு ஒரு வேண்டுகோள்

எமது தகப்பனார் பின்னர் எழுந்தார். இறுகிய கணுக்காலை இளக்கவே பல மாதங்கள் சென்றன. ஈற்றிலே கோல் ஊன்றி, வீட்டுப் படலை வரை நடந்தார். படலைக்கு அப்பால் அவர் நடக்கவேயில்லை. அந்த முதல் மூன்று மாதங்களை வீணாக்காதிருந்தால் கோயில் வீதி வரை நடந்திருப்பாரோ என்று நாம் இன்றும் எண்ணுவதுண்டு. அவர் எம்மை ஒருபோதும் குறை சொல்லவில்லை. அதுவே எமக்குப் பாரமாக இருக்கின்றது.

ஆகையால், இளைஞர்களே, உங்கள் ஊரில் எந்தெந்த வீட்டில் இத்தகைய கால் கிடக்கின்றது என்று கேட்டறியுங்கள். இயன்மருத்துவரிடம் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்லும் பயிற்சியைக் கூட இருந்து கற்றுக்கொள்ளுங்கள். பின்னேரத்தில் அரை மணி நேரம் போதும். பக்கத்தில் நின்று பட்டியைப் பிடியுங்கள். விறாந்தைச் சுவரோரம் பிடித்து நடக்க ஒரு மரச்சட்டம் அடித்துக் கொடுங்கள். கிணற்றடிப் பாசியைச் சுரண்டிவிடுங்கள். பெரியோர்களே, நீங்களும் உங்களை எழுப்ப வருகின்ற பிள்ளைகளிடம் வெட்கப்படாதீர்கள். தவழ்ந்த பேராசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். இங்கே வேண்டியதும் அடிமேல் அடிதான். இன்று கட்டிலிலிருந்து கதிரைக்கு. நாளை கதிரையிலிருந்து வாசலுக்கு. நோய் வந்த வீட்டில், தாளைச் சுவாமி படத்துக்குப் பின்னால் வைக்காமல் நோயாளியின் கண்ணெதிரே ஒட்டுங்கள் என்று கேட்டு, எமது பேச்சை முடிக்கின்றோம்.